ஊரடங்கிலிருந்து வெளியே வரும் வழி: பரிசோதனை, தொடர்பு கண்டறிதல், ஒரு கணக்கு

தடுப்பூசியோ உறுதியான மருந்தோ இல்லாத ஒரு புதிய பெருந்தொற்று வந்து, ஊரடங்கும் போட்டாகிவிட்ட நிலையில், பரிசோதனையையும், தொற்றாளருடன் பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் தொடர்பு கண்டறிதலையும் கொண்டு சமூகத்தைப் படிப்படியாகத் திறக்க முடியுமா, முடியுமென்றால் எதை அளவுகோலாகக் கொண்டு திறப்பது என்பது கேள்வி. முடியும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டிலேயே சான்றுகள் உள்ளன. ஆனால் அவ்வாறு செய்து காட்டிய நாடுகள் எல்லாம், எந்தத் தேதியில் திறக்கலாம் என்பதை விட, ஒரு நாளில் எத்தனை புதிய தொற்றாளர்களை நம் களப்பணியாளர்களால் பின்தொடர முடியும் என்பதையே முதலில் கேட்டன. இந்தப் பதில் முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றியே செல்லும்.

முதலில் கணக்கின் அடிப்படை. தொற்றுக்குள்ளான ஒருவர் சராசரியாக இரண்டரைப் பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொரோனாவின் தொடக்கக் காலத்தில் பெரும்பாலான மதிப்பீடுகள் இந்த எண்ணை ஒட்டியே இருந்தன. முகக்கவசம், இடைவெளி, பெருங்கூட்டங்களுக்குத் தடை ஆகியவற்றால் அது ஒன்றரையாகக் குறைகிறது என்போம். ஒன்றரை என்றாலும் நோய் பெருகிக்கொண்டேதான் போகும். இப்போது, தொற்றுக்குள்ளானவர்களில் பாதிப் பேரைக் கண்டுபிடித்து, அவர்கள் பரப்பக்கூடியதில் மூன்றில் இரண்டு பங்கை உரிய நேரத்தில் தனிமைப்படுத்தித் தடுத்துவிட்டால், மொத்தப் பரவலில் மூன்றில் ஒரு பங்கு குறையும்; ஒன்றரை என்பது ஒன்றாகும். அதாவது நோய் வளரவும் செய்யாது, தேயவும் செய்யாது. பாதிக்குப் பதிலாக மூன்றில் இரண்டு பங்கினரைக் கண்டுபிடித்தால் தேயத் தொடங்கும். ஊரடங்கு செய்யும் வேலையின் ஒரு பகுதியை, வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் கோடிக்கணக்கானோரிடமிருந்து எடுத்து, நோயைத் தாங்கியிருக்கும் சில ஆயிரம் பேரிடம் மட்டும் ஒப்படைப்பதுதான் இந்த முறையின் சாரம்.

இதில் "உரிய நேரத்தில்" என்ற இரண்டு சொற்களில்தான் பெரும்பாலான அரசுகள் தோற்றன. கொரோனா தொற்றியவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாட்கள் ஆயின. ஆனால் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிட்டார். ஒருவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் வருகிறது. இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை சளி மாதிரி கொடுக்கிறார். முடிவு சனிக்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அவருடன் வேலை பார்த்தவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அந்த உடன்வேலைக்காரருக்கு முந்தைய ஞாயிறே தொற்றியிருந்தால், புதன் அல்லது வியாழனிலிருந்தே அவர் பரப்பிக்கொண்டிருக்கிறார். அழைப்பு வரும்போது அடுத்த தலைமுறை உருவாகிவிட்டது. அறிகுறி வந்த அன்றோ மறுநாளோ மாதிரி எடுத்து, இருபத்து நான்கு மணி நேரத்தில் முடிவு சொல்லி, அன்றே தொடர்பாளர்களை அழைத்திருந்தால் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். ஆகவே "ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் பரிசோதனைகள் செய்தோம்" என்று அமைச்சர்கள் அறிவிக்கும்போது, அறிகுறி தோன்றியதிலிருந்து தனிமைப்படுத்தும் வரை எத்தனை மணி நேரம் ஆனது என்பதையே நாம் திரும்பக் கேட்க வேண்டும். பரிசோதனை முடிவு மூன்று நாட்களுக்கு மேல் தாமதமானால், தொடர்பு கண்டறிதலை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அதனால் மட்டும் பரவலைக் கட்டுப்படுத்த முடியாது.

இந்தக் கணக்கை வெளிப்படையாக அரசின் கொள்கையாகவே ஆக்கிய நாடு ஜெர்மனி. 2020 மே 6 அன்று அதிபர் ஏஞ்சலா மெர்க்கலும் மாநில முதல்வர்களும் தளர்வுகளை அறிவித்தபோது, ஒரு மாவட்டத்தில் ஏழு நாட்களில் ஒரு லட்சம் பேருக்கு 50 புதிய தொற்றுகளுக்கு மேல் போனால் அந்த மாவட்டத்தில் மட்டும் மீண்டும் கட்டுப்பாடு என்று ஓர் "அவசர பிரேக்"கையும் சேர்த்தே அறிவித்தார்கள். ஐம்பது என்பது மருத்துவப் படுக்கைகளின் எண்ணிக்கையிலிருந்து வந்த எண் அன்று. அந்த அளவு வரைதான் மாவட்டச் சுகாதார அலுவலகங்களால் ஒவ்வொரு தொற்றாளரின் தொடர்புகளையும் தேடிப் பிடிக்க முடியும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதற்கு முன்பே, ஏப்ரலில், 20,000 குடிமக்களுக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு குழு என்ற அளவில் தொடர்பு கண்டறியும் ஊழியர்களை அமர்த்துவது என்று முடிவெடுத்திருந்தார்கள். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் ஆட்கள், பிறகு அவர்கள் தாங்கக்கூடிய எண், அதன் பிறகே திறப்பு. ஜூன் மாதம் கூட்டர்ஸ்லோ மாவட்டத்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று தெரிந்தபோது, அந்த மாவட்டமும் அண்டை மாவட்டம் ஒன்றும் மட்டுமே மீண்டும் மூடப்பட்டன. நாட்டின் மற்ற பகுதிகள் திறந்தே இருந்தன. அக்டோபர் இறுதியில் கதை மாறியது. தொற்றுகளில் முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை என மெர்க்கலே ஒப்புக்கொண்டார். நவம்பர் 2 முதல் நாடு தழுவிய கட்டுப்பாடுகள் திரும்பி வந்தன. அளவுகோல் தவறாக இருக்கவில்லை. அதைத் தாண்டிய மாவட்டங்களில் உடனடியாக அந்த பிரேக்கை அழுத்தத் தயங்கினார்கள்.

தென் கொரியாவின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. அதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 2015-இல் மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா நோய் அந்நாட்டில் 186 பேரைத் தொற்றி 38 பேரைக் கொன்றது. எந்த மருத்துவமனையில் நோய் பரவுகிறது என்பதை அரசு மறைத்தது என்று அப்போது எழுந்த கோபத்தின் விளைவாகவே, பெருந்தொற்றுக் காலத்தில் தொற்றாளரின் வங்கி அட்டைப் பரிவர்த்தனைகளையும் கைப்பேசி இருப்பிடத் தகவலையும் நோய்க்கட்டுப்பாட்டுத் துறை பெறலாம், அவர் சென்ற இடங்களை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2020 பிப்ரவரி இறுதியில் தேகு நகரத்து மதக் குழு ஒன்றிலிருந்து பரவி ஒரே நாளில் 900-க்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவானபோதும், நாடு முழுவதையும் வீட்டுக்குள் அடைக்காமலேயே, காரில் அமர்ந்தபடி மாதிரி கொடுக்கும் மையங்களையும் இந்தச் சட்டத்தையும் கொண்டு நோயைக் கீழே இறக்கினார்கள்.

அந்த முறைக்கான உண்மையான சோதனை மே மாதம் வந்தது. இடைவெளி விதிகளைத் தளர்த்திய மே 6-ஆம் தேதியன்றே, சியோல் நகரின் இதேவோன் பகுதி இரவு விடுதிகளுக்குச் சென்றிருந்த ஓர் இளைஞருக்குத் தொற்று உறுதியானது. விடுதி வாசல் பதிவேடுகளில் பலர் பொய்ப் பெயரும் பொய் எண்ணும் எழுதியிருந்தார்கள். அவற்றில் சில தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் விடுதிகள் என்று ஊடகங்கள் பெரிதாக எழுதியதால், சென்றவர்கள் வெளியே வரவே அஞ்சினார்கள். கைப்பேசிக் கோபுரப் பதிவுகளிலிருந்து அப்பகுதியில் இருந்த 10,000-க்கும் மேற்பட்டோரைக் கண்டறிந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஆனால் மக்களை மையங்களுக்குக் கொண்டுவந்ததில் இன்னொரு முடிவுக்கும் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்: பெயர் சொல்ல வேண்டியதில்லை, தொலைபேசி எண் மட்டும் போதும் என்று சியோல் நகர நிர்வாகம் அறிவித்தது. மே மாத இறுதிக்குள் 40,000-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் நடந்தன. கண்டறியப்பட்ட தொற்றுகள் 246. அப்போதும் நாடு மூடப்படவில்லை. அதே தொடரில் இஞ்சியோன் நகரத்துத் தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவர், தமக்கு வேலையே இல்லை என்று விசாரணையாளர்களிடம் பொய் சொன்னார். உண்மை தெரிவதற்குள் மாணவர்கள், அவர்களின் பெற்றோர் என்று சங்கிலி பல தலைமுறைகள் நீண்டுவிட்டது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் சில நாள் இழப்பைத் தண்டனையால் மீட்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அச்சத்தை விட நம்பிக்கையே விரைவாகத் தகவலைக் கொண்டுவருகிறது. ஜூன் மாதம் முதல், விடுதிகளில் கையால் எழுதும் பதிவேட்டுக்குப் பதிலாக, நான்கு வாரங்களில் தானாக அழிந்துவிடும் கியூஆர் குறியீட்டுப் பதிவு வந்தது. திறப்பதற்கு நிபந்தனையாக ஒரு கருவியை வைப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை உள்ளிட்ட மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டதும், முந்தைய நாள் கோயம்பேடு சந்தையில் காய்கறி வாங்கக் கூடிய கூட்டத்தைப் படங்களில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பரவலைத் தடுக்கப் போட்ட ஆணையே கூட்டத்தை உண்டாக்கியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்குள் சுமை தூக்குவோரும் ஓட்டுநர்களும் சிறு வியாபாரிகளும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று தத்தம் ஊர்களுக்குச் சென்றிருந்தார்கள். அந்த மாவட்டங்களில் சுகாதார ஆய்வாளர்கள், "கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள் யார்" என்ற ஒரே கேள்வியுடன் ஊர் ஊராகச் சென்று மாதிரி எடுத்தார்கள். காய்கறி மொத்த விற்பனை திருமழிசைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. அத்தனை ஆயிரம் பேர் நாள்தோறும் புழங்கும் இடத்தில், நோய் தலைகாட்டுவதற்கு முன்பே வாரந்தோறும் சிலரிடம் மாதிரி எடுத்துப் பார்த்திருந்தால் மூட வேண்டிய தேவையே வந்திருக்காது என்று சொல்வது எளிது. அன்றைய பரிசோதனைத் திறனில் அது எளிதாக இருந்திருக்காது. ஆனால் அடுத்த முறைக்கு இதுவே முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் களப்பணியாளர்கள் திரட்டிய தரவு, உலகிலேயே மிகப் பெரிய தொடர்பு கண்டறிதல் ஆய்வுகளுள் ஒன்றுக்கு அடிப்படையானது. 84,965 தொற்றாளர்களையும் அவர்களுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் பற்றிய அந்த ஆய்வு 2020 இறுதியில் வெளிவந்தது. தொற்றாளர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரின் தொடர்பாளர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகவில்லை. அதாவது பெரும்பாலோர் யாருக்கும் பரப்பவில்லை. சிலர் மட்டும் பலருக்குப் பரப்பினார்கள். இது திறப்புத் திட்டத்தையே மாற்றக்கூடிய செய்தி. தொற்றாளர் ஒருவர் கிடைத்ததும் "இவரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும்" என்று முன்னோக்கித் தேடுவது வழக்கம். "இவருக்கு எங்கே வந்தது" என்று பின்னோக்கித் தேடினால், பலருக்குப் பரப்பிய அந்த ஒரு நிகழ்வை, ஒரு திருமணத்தையோ ஒரு துணிக்கடையையோ அடைவதற்கான வாய்ப்பு அதிகம்; அங்கிருந்து ஒரே வீச்சில் பல சங்கிலிகளைப் பிடிக்கலாம். ஜப்பான் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் தேடியது; குறைந்த பரிசோதனைகளுடன் அந்நாடு முதல் அலையைக் கடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பரிசோதனை என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை நுட்பமானது, ஆனால் ஆய்வகமும் நேரமும் கேட்கும். வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனை அரை மணி நேரத்தில் முடிவு தரும், ஆனால் தொற்றுள்ள பலரைத் தவறவிடும். அதனால்தான் அறிகுறி இருந்தும் ஆன்டிஜெனில் "இல்லை" என்று வந்தவருக்கு ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விதித்தது. பிற மாநிலங்கள் பல எண்ணிக்கையைக் கூட்ட ஆன்டிஜெனுக்குத் தாவியபோது தமிழ்நாடு ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டது, சரியான பிடிவாதம். ஐந்து பேரின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் முறை இன்னொரு வசதி. நூற்றில் ஒருவருக்கே தொற்று இருக்கும் ஊரில் நூறு பேரை இருபது கலவைகளாகச் சோதித்தால், பெரும்பாலும் ஒரு கலவையில்தான் தொற்று காட்டும். அந்த ஐவரை மட்டும் தனித்தனியே சோதித்தால் நூறுக்குப் பதில் 25 சோதனைகளில் வேலை முடிந்தது. ஐந்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் ஊரில் இதே முறைக்கு ஏறக்குறைய 87 சோதனைகள் வேண்டியிருக்கும், மிச்சம் அதிகமில்லை. ஆகவே கலவைச் சோதனை, நோய் தணிந்து ஊர் திறக்கும் காலத்துக்கான கருவி. 2020-இல் அக்கழகம் இம்முறையைத் தொற்று விகிதம் இரண்டு விழுக்காட்டுக்குக் குறைவான பகுதிகளுக்குப் பரிந்துரைத்ததன் காரணமும் இதுவே.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் சோதிப்பதில் உள்ள ஆபத்தும் கணக்கிலேயே தெரியும். ஒரு லட்சம் பேரில் நூறு பேருக்கு மட்டுமே தொற்று இருக்கிறது. தொற்றில்லாதவருக்கு நூற்றுக்கு ஒரு தடவை "உண்டு" என்று தவறாகச் சொல்லும் ஒரு சோதனையை எல்லாருக்கும் செய்கிறோம் என்றால், ஏறக்குறைய ஆயிரம் பேர் வீணாகத் தனிமைப்படுத்தப்படுவார்கள். அறிகுறி உள்ளவர், தொடர்பில் இருந்தவர், சந்தை, முதியோர் இல்லம், மருத்துவமனை ஊழியர் என்று குறிவைத்துச் சோதிப்பதே நல்லது. போதிய அளவு சோதிக்கிறோமா என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தந்த எளிய குறி, சோதித்தவர்களில் தொற்று உறுதியானோர் தொடர்ந்து இரண்டு வாரங்களாவது ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் போனால் வலை சிறியதாக இருக்கிறது என்று பொருள். இந்திய அரசு 2020 ஏப்ரல் 30 அன்று 130 மாவட்டங்களைச் சிவப்பு, 284 மாவட்டங்களை ஆரஞ்சு, 319 மாவட்டங்களைப் பச்சை என்று பிரித்தபோது, 21 நாட்கள் தொற்று பதிவாகாத மாவட்டம் பச்சையானது. சோதிக்காத மாவட்டத்திலும் தொற்று பதிவாகாதே என்ற ஐயம் அன்றே எழுந்தது. ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சோதிக்கத் தொடங்கியதும் பல பச்சைகள் நிறம் மாறின.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அரசின் ஆரோக்கிய சேது பல கோடிப் பேரின் கையில் இருந்தது; திறன்பேசியே இல்லாதவர்கள் அதைவிட அதிகம். சிங்கப்பூரின் டிரேஸ் டுகெதர் நன்றாக வேலை செய்தது, ஆனால் அதன் தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்பது 2021 ஜனவரியில் வெளிவந்தபோது, நோய்க்கு மட்டும் என்று முன்பு தந்திருந்த வாக்கு பொய்த்தது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று அவசரமாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. செயலி, களப்பணியாளருக்குத் துணை. அவருக்கு மாற்றாக அதை வைத்த எந்த நாடும் வெற்றி பெறவில்லை.

சிங்கப்பூரில் அதைவிடப் பெரிய பிழை வேறு இடத்தில் நேர்ந்தது. நகரத்துக்குள் ஒவ்வொரு தொடர்பையும் உலகம் வியக்கும்படி தேடிய அந்நாடு, தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் அளவில் தங்கியிருந்த விடுதிகளைப் பார்க்கத் தவறியது. ஏப்ரலில் அங்கே நோய் வெடித்தது. ஆண்டு முடிவில், விடுதிகளில் இருந்த ஏறக்குறைய 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது தெரியவந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் அந்த அறைகளை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். நகரம் ஜூன் 2 முதல் படிப்படியாகத் திறந்தது. யாரைக் கணக்கில் சேர்க்கவில்லையோ அவர்களிடமிருந்தே கணக்கு உடைகிறது.

இனி, தனிமைப்படுத்தல். கண்டுபிடிக்கப்பட்டவர் வீட்டிலேயே இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் மேலே சொன்ன "மூன்றில் இரண்டு பங்கு" நிற்கிறது. நாள்கூலி வாங்குபவர் பதினான்கு நாள் எதைச் சாப்பிடுவார்? சென்னையில் தொற்றாளரின் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் காய்ச்சல் வந்தாலும் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. மாறாக, கேரளத்தில் சமூக சமையலறைகளிலிருந்து தனிமையில் இருந்தவர்களின் வீட்டுக்குச் சாப்பாடு போயிற்று. மும்பையின் தாராவியில், பல குடும்பங்கள் ஒரே பொதுக் கழிப்பறையைப் பகிரும் இடத்தில் வீட்டுத் தனிமை என்பது வெறும் சொல் என்று உணர்ந்து, பள்ளிகளையும் திருமண மண்டபங்களையும் தனிமை மையங்களாக்கி உணவும் தந்தார்கள். தகரம் அடித்த அதே சென்னையில் மாநகராட்சி மே மாதம் முதல் நடத்திய காய்ச்சல் முகாம்களும், வீடு வீடாகச் சென்று "காய்ச்சல் இருக்கா அம்மா" என்று கேட்ட பணியாளர்களும் தகரத்தால் கெட்டதில் பாதியைச் சரிசெய்தார்கள் என்பது என் மதிப்பீடு. திறப்புக்கான செலவுக் கணக்கில், சோதனைக் கருவிக்கு அடுத்த வரியாகத் தனிமையில் இருப்பவரின் கூலியை எழுதாத அரசு, முதல் வரியில் எழுதிய பணத்தையும் வீணாக்குகிறது. இங்கிலாந்து மிகப் பெரும் தொகையில் ஒரு மையப்படுத்திய அமைப்பைக் கட்டிவிட்டு, குறைந்த வருமானத்தாருக்கான 500 பவுண்டு உதவியை 2020 செப்டம்பர் இறுதியில்தான் தொடங்கியது. அதே வாரத்தில் எக்செல் கோப்பு ஒன்றின் வரிசை வரம்பு நிரம்பி 15,841 தொற்றாளர்களின் விவரம் களப்பணியாளர்களுக்குப் போகாமல் நின்றது என்பது தனிக் கதை.

எதை முதலில் திறப்பது என்பதற்கு இந்தக் கணக்கே விடை தருகிறது. ஒருவருக்கு நோய் வந்தால் அவருடன் இருந்தவர்களை ஒரு மணி நேரத்தில் பட்டியலிட முடிகிற இடங்கள் முதலில்: ஒரே ஆட்கள் ஒரே குழுவாக வேலை செய்யும் தொழிற்கூடம், திறந்தவெளி வேலை, நிலையான வகுப்புகள் உள்ள பள்ளி. யார் வந்தார், யார் போனார் என்றே தெரியாத மூடிய கூட்டங்கள் கடைசியில். ஒரு தளர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது இரண்டு, மூன்று வாரங்கள் வேண்டும். தொற்று, அறிகுறி, சோதனை, அறிக்கை என்று ஒரு தளர்வின் விளைவு எண்களில் தெரிய அவ்வளவு காலம் ஆகும். ஒரே வாரத்தில் நான்கைத் திறந்தால் எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்ப மூடும் எண்ணைத் திறக்கும் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும். பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டால், மூட வேண்டிய வாரத்தில் தேர்தலோ திருவிழாவோ குறுக்கே வந்து நிற்கும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. டெல்டாவும் அதைவிட வேகமான ஒமைக்ரானும் வந்தபோது, ஒருவருக்குத் தொற்றுவதற்கும் அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுவதற்கும் இடையிலான காலம் சுருங்கி, எந்தக் களப்பணியாளரும் ஓடிப் பிடிக்க முடியாத நிலை வந்தது. 2022 பிப்ரவரியில் தென் கொரியாவே விரிவான தொடர்பு கண்டறிதலைக் கைவிட்டு, முதியோருக்கும் நோய்வாய்ப்பட்டோருக்கும் மட்டும் கவனத்தைத் திருப்பியது. ஆனால் அதற்குள் அந்நாட்டில் வயது வந்தோரில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஐந்து கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில், 2021 முடிவு வரை கொரோனாவால் இறந்தோர் 6,000-க்கும் குறைவு. ஆறரைக் கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பிரிட்டனில் அதே காலத்தில் 1,40,000-க்கும் மேல். பிரிட்டனின் பெரும்பகுதியான இங்கிலாந்து மூன்று முறை நாடு தழுவி ஊரடங்கியது. தென் கொரியா ஒரு முறைகூட அப்படிச் செய்யவில்லை.